தேவதைக் கதைகளும் கன்னியர் சுதந்திரமும்

ஆங்கிலக் கல்வியோடு ஐரோப்பாவின் தேவதைக் கதைகளும் கீழ்த்திசை நாடுகளின் பள்ளிக்கூடங்களுட் புகுந்தன. சிண்டறெல்லாவின் கண்ணாடிப் பாதரட்சை, வெண்பனியாளை மயக்கிய நச்சு அப்பிள், நூறாண்டு துயின்ற அரசிளங்குமரி, செந்தொப்பிச் சிறுமியை விழுங்கிய ஓநாய் என்பனவெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும் பருவத்திலேயே பிள்ளைகளுக்கு அறிமுகமாகிவிடுகின்றன. சிறுவர்க்குச் சொல்லுங் கதைதானே, இதிலே ஆராய என்ன உண்டு என்று இவற்றைப் பொருட்படுத்தாது விடுவாரும் உளர். ஆயினும், நீதிநூல் ஒன்றை மனப்பாடஞ் செய்யும் பிள்ளை அதனைப் பாடமென்றே அறியும். கதை கேட்கும் பிள்ளையோ தான் பாடங் கேட்கின்றது என்பதையே அறியாது. ஆதலாற் கதைவழிச் செல்லும் போதனை ஆழமாகச் செல்கின்றது. பெண்ணாய்ப் பிறந்த ஒருத்தியிடம் உலகம் எதனை எதிர்பார்க்கின்றது என்பதைப் பெண்பிள்ளை முதன்முதல் அறிந்துகொள்ளும் இடங்களுள் இக்கதைகளும் ஒன்றாதலின், அவை அவளுக்கு என்ன சொல்கின்றன என்று கேட்பது வீண்கேள்வி அன்று.

இக்கதைகள்மீது கடந்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சாட்டப்பட்டுவருங் குற்றம் யாவரும் அறிந்ததே. நல்ல பெண் என்பவள் அழகுடையவள், பொறுமையுடையவள், வாய்பேசாதவள்; துன்பம் வந்தால் அழுவாள், அன்றி உறங்குவாள்; எங்கிருந்தோ ஓர் அரசகுமாரன் வருவான், அவளை எழுப்புவான், மணப்பான். தானே முயல்பவளும் தன் விருப்பத்தைச் சொல்பவளும் கதையிற் சூனியக்காரியாகவோ மாற்றாந்தாயாகவோ காணப்படுவர். சுதந்திரம் என்பது நல்ல பெண்ணுக்குரிய பண்பன்று என்பதே இவற்றின் சாரம் என்பர். இக்குற்றச்சாட்டுப் பொய்யன்று; ஆனால் முழு உண்மையும் அன்று. அந்தப் போதனை கதைகளோடு கூடப் பிறந்ததா, அன்றிக் கதைகளை ஏட்டில் எழுதியோர் இட்டதா என்பதை வேறுபிரித்துப் பார்த்தாலன்றி இவ்வழக்குத் தீராது. நமது ஆராய்ச்சி அதனையே பற்றியது.

தேவதைக் கதைகள் எனப் பொதுவாக வழங்கும் கதைகளிற் பெரும்பாலானவை இரண்டு வாயில்களினூடாகவே உலகெங்கும் பரவின. ஒன்று பிரான்சு, மற்றையது ஜேர்மனி. பதினான்காம் லூயி மன்னனின் அரசாங்கத்திற் பணிபுரிந்து, பிரெஞ்சுக் கலைக்கழகத்தில் அங்கத்தவராயும் விளங்கிய சாள்ஸ் பெறோ என்பவர் 1697 ஆம் ஆண்டிலே எட்டு உரைநடைக் கதைகள் அடங்கிய ஒரு சிறு நூலை வெளியிட்டார். துயிலும் அழகி, செந்தொப்பிச் சிறுமி, நீலத்தாடியன், சிண்டறெல்லா ஆகிய நால்வகைக் கதைகளும் அந்த ஒரே நூலில் உள்ளன என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு கதையின் ஈற்றிலும் செய்யுள் வடிவில் ஒரு நீதியையும் அவர் சேர்த்தார். ஜேர்மனியிலோ யாக்கோப் கிறிம், வில்கெல்ம் கிறிம் என்னுஞ் சகோதரர் இருவர் 1812 ஆம் ஆண்டில் 86 கதைகளையும், 1815 ஆம் ஆண்டில் 70 கதைகளையும் வெளியிட்டனர். அந்நூல் அவர்கள் வாழ்நாளிலேயே பலமுறை திருத்தப்பட்டு, 1857 ஆம் ஆண்டில் ஏழாம் பதிப்பாக வந்தபொழுது இருநூற்றுக்கு மேற்பட்ட கதைகளைக் கொண்டிருந்தது. இன்று நாம் வாசிப்பது பெரும்பாலும் அந்த ஏழாம் பதிப்பின் வழிவந்த வடிவத்தையே.

எழுதி வெளியிட்டோர் ஆடவர். ஆனால் சொன்னோர் பெரும்பாலும் பெண்கள். கிறிம் சகோதரர்க்குக் கதை வழங்கியோருள் காசல் நகரத்து வில்ட் குடும்பத்துப் பெண்களும் காசன்புளுக் குடும்பத்துச் சகோதரிகளும் முதன்மையானவர்கள். இரண்டாந் தொகுதிக்குப் பெருந்துணை புரிந்தவர் டொரொத்தியா வீமன் என்ற, தையற்காரர் ஒருவரின் மனைவி. வில்ட் குடும்பத்து டோர்ச்சன் பின்னர் வில்கெல்மின் மனைவியுமானார். ஆகவே, வாய்ச்சொல்லிலிருந்து ஏட்டுக்கு வந்த வழியிலே இக்கதைகள் பெண்ணின் நாவிலிருந்து ஆணின் பேனாவுக்குக் கைமாறின. கைமாறியபோது என்ன நிகழ்ந்தது?

இதற்குச் செந்தொப்பிச் சிறுமியின் கதையே மிகத் தெளிவான சான்று. ஆதலின் அதனைச் சற்று விரித்து நோக்குவோம்.

பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள நிவெர்ணே நாட்டிலே 1885 ஆம் ஆண்டளவில் ஆசில் மில்லியேன் என்னும் நாட்டார் வழக்காற்று அறிஞர் இக்கதையின் வாய்மொழி வடிவம் ஒன்றைப் பதிவு செய்தார். பிற்காலத்திற் போல் டெலறூ என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். அதிலே சிறுமிக்குப் பெயருமில்லை, செந்தொப்பியுமில்லை. பாட்டிக்கு ரொட்டியும் பாலும் கொண்டு செல்லும் அவள், சந்தியிலே ஓநாய் உருவெடுக்கும் மனிதன் ஒருவனைச் சந்திக்கிறாள். ஊசிப் பாதையாற் போகிறாயா, குண்டூசிப் பாதையாற் போகிறாயா என்று அவன் வினவுகிறான். அவள் ஊசிப் பாதையைத் தெரிகிறாள். அவன் முந்திச் சென்று கிழவியைக் கொன்று, அவளுடைய ஆடையில் மறைந்து படுக்கையிற் கிடக்கிறான். சிறுமி வந்து படுக்கையில் ஏறுகிறாள்; உடம்பெல்லாம் உரோமமாயிருப்பது, நகம் நீண்டிருப்பது, வாய் அகன்றிருப்பது என ஒவ்வொன்றாகக் காண்கிறாள். ஆபத்து இன்னதென்று விளங்கிவிட்டது. அப்பொழுது அவள் கதறவில்லை. பாட்டி, எனக்கு வெளிக்குப் போகவேண்டும் என்கிறாள். படுக்கையிலேயே இரு என்கிறான் அவன். அவள் விடாது கேட்கவே, காலிலே ஒரு கம்பளி நூலைக் கட்டி வெளியே விடுகிறான். அவள் அந்நூலை அவிழ்த்து முற்றத்திலே நின்ற மரத்திற் கட்டிவிட்டு ஓட்டம் பிடிக்கிறாள். உள்ளே கிடந்தவன் பொறுமையிழந்து கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவந்தபோது நூல் இருந்தது; சிறுமி இல்லை. துரத்திச் சென்றான், அவள் வீட்டுக்குள் நுழைந்த பின்னரே வாசலை அடைந்தான். கதை அவ்வளவுதான்.

வாய்மொழி வடிவங்கள் எல்லாவற்றிலும் சிறுமி தப்புகிறாள் என்று சொல்வதற்கில்லை. அவள் உண்ணப்பட்டு முடியும் வடிவங்களும் உள. வேறு சிலவற்றில், ஆற்றங்கரையில் நிற்கும் சலவைப் பெண்கள் சீலையை விரித்துப் பிடித்து அவளை அக்கரை சேர்க்கின்றனர். பின்தொடர்ந்த ஓநாய் அதே சீலையில் ஏற, அதனைக் கைவிட்டு நீரில் ஆழ்த்துகின்றனர். ஊசியும் குண்டூசியும் என்ன பொருளன என்ற கேள்விக்கு, இவான் வேர்டியே என்னும் பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் ஒரு விளக்கந் தந்தார். அந்நாட்டுக் குடியானவப் பெண்கள் பதினைந்து வயதளவில் ஒரு மாரிகாலத்தைத் தையற்காரியின் வீட்டிற் கழித்துத் தொழிலும் உலக நடையும் கற்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பருவத்தின் குறியே குண்டூசி என்றார் அவர். இவ்விளக்கத்தை ஏற்றுக்கொள்ளினும் ஏற்றுக்கொள்ளாவிடினும் ஒன்று தெளிவு: கண் விழித்துப் பார், கண்டதை உணர், உணர்ந்ததை வெளிக்காட்டாது வழி தேடு என்பதே அங்கே பெண்ணுக்குச் சொல்லப்பட்டது. பாட்டிமார் பேத்திமாருக்குச் சொல்லத்தக்க புத்தி இது.

பெறோ இதனை என்ன செய்தார்? சிறுமிக்குச் செந்தொப்பி அணிவித்தார்; அவளை அழகியாக்கினார்; தாயும் பாட்டியும் செல்லங்கொடுத்துக் கெடுத்த பிள்ளையாக்கினார்; நூலையும் மரத்தையும் நீக்கினார். ஓநாய் அவளை விழுங்குவதோடு கதையை முடித்தார். ஈற்றிலுள்ள செய்யுளில், நற்குடிப் பெண்கள் அந்நியர் பேச்சைக் கேட்டல் ஆகாதென்றும், இனிய சொல்லும் பணிவும் உடைய ஓநாய்களே யாவரினுங் கொடியவை என்றும் எச்சரித்தார். அரசவை சார்ந்த சமுதாயத்தில் இளம்பெண்களுக்கு அந்த எச்சரிக்கை வேண்டியதே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை மட்டும் எஞ்சி, தப்பும் வழி மறைந்துபோயிற்று. ஓநாயைச் சந்தித்தவள் தொலைந்தாள். ஆதலாற் சந்தியாதிரு என்பதே புதிய பாடம்.

நூற்றுப் பதினைந்து ஆண்டுகளின் பின்னர் கிறிம் சகோதரர் இக்கதையைக் காசன்புளுக் சகோதரியரிடமிருந்து பெற்றனர். அக்குடும்பத்தார் தாய்வழியிற் பிரான்சிலிருந்து குடிபெயர்ந்த புரட்டஸ்தாந்தரின் வழியினர் என்பது அறிஞர் முடிபு. அங்கே தாயின் அறிவுரை கதையின் தொடக்கத்தில் வந்துவிடுகின்றது: பாதையை விட்டு விலகாதே. சிறுமி பூக்கொய்யச் செல்கிறாள், விழுங்கப்படுகிறாள், வேட்டைக்காரன் ஒருவன் வந்து ஓநாயின் வயிற்றை வெட்டி அவளையும் பாட்டியையும் மீட்கிறான். இனிமேற் பாதையை விட்டு விலகேன் என்று அவள் தனக்குள் உறுதிகொள்கிறாள். நூலவிழ்த்துத் தப்பிய பெண், பெறோவின் கையிற் பலியானாள். கிறிம் சகோதரர் கையில் மன்னிக்கப்பட்டாள்.

ஆயினும் அந்த ஜேர்மானிய நூலிற் கதை அங்கே முடியவில்லை என்பதைப் பலர் அறியார். அதன் வாலாக இன்னொரு நிகழ்ச்சி உண்டு. மற்றொரு நாள் வேறோர் ஓநாய் அச்சிறுமியை வழிமறிக்கின்றது. இம்முறை அவள் நேரே பாட்டியிடஞ் சென்று செய்தியைச் சொல்கிறாள். இருவரும் கதவைத் தாழிடுகின்றனர். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கின்றது. இறைச்சி அவித்த நீரைக் கொண்டுவந்து வீட்டின்முன் உள்ள பெரிய கற்றொட்டியை நிரப்புமாறு பாட்டி சொல்ல, சிறுமி வாளி வாளியாகச் சுமந்து நிரப்புகிறாள். மணத்தை முகர்ந்து கழுத்தை நீட்டிய ஓநாய் சறுக்கி விழுந்து தொட்டியில் மூழ்கி இறக்கின்றது. வேட்டைக்காரனும் இல்லை, அரசகுமாரனும் இல்லை. முதியவளின் அறிவும் இளையவளின் உழைப்புமே அவர்களைக் காத்தன. சிறுவர்க்கென அச்சாகும் படப்புத்தகங்களில் இப்பகுதியையே பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். இடம் போதாமையால் வெட்டுகிறார்கள் போலும்!

கிறிம் சகோதரரின் பதிப்புக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குவார்க்கு இன்னும் பல புலனாகும். முதற்பதிப்பு அறிஞர்க்கென ஆக்கப்பட்டது. அதனைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஏற்றதாக்க வேண்டுமென்ற எண்ணம் எழவே, சிறுவர்க்கு ஒவ்வாத தொடர்களை நீக்கியுள்ளோம் என்று 1819 ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவர்களே கூறினர். திருத்தும் பணி பெரும்பாலும் வில்கெல்மின் கையில் இருந்தது. வெண்பனியாளின் கதையை எடுத்துக்கொள்வோம். 1810 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியிலே, குறளர் எழுவர் அவளிடம் தமக்குச் சமைத்துத் தருமாறு மட்டும் கேட்கின்றனர். 1812 ஆம் ஆண்டு அச்சிலோ சமைத்தல், தைத்தல், படுக்கை விரித்தல், துணி வெளுத்தல், பின்னல் வேலை, வீட்டைத் துப்புரவாக வைத்தல் என அவள்மேல் ஏற்றிய வேலைகள் நீண்டுவிட்டன. இரண்டே ஆண்டுகளில் வெண்பனியாள் விருந்தாளி நிலையிலிருந்து இல்லப்பணிப்பெண் நிலைக்கு இறங்கினாள். அவளைக் கொல்ல முயன்றவள் முதற்பதிப்பிற் பெற்ற தாயே. 1819 ஆம் ஆண்டிலே மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். தாய்மையின் பெயரைக் காக்கவே இவ்வாறு செய்தனர். ஆனால் அதனாற் கதையுலகின் தீமையெல்லாம் அயலிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தலையிற் சுமத்தப்பட்டது.

நூல் நூற்றற் கதை ஒன்று இதனினும் சுவையானது. முதற்பதிப்பின் பதினான்காவது கதையிலே, சணல் நூற்பதிலே பெருவிருப்புடைய அரசன் ஒருவன் தன் மனைவியையும் மகளிரையும் நாள் முழுதும் நூற்க வைக்கிறான். அரசி ஒரு தந்திரஞ் செய்கிறாள். நூற்று நூற்று அவயவங் கெட்ட மூன்று கிழவிகளை விருந்துக்கு அழைக்கிறாள்: ஒருத்திக்கு நூலை நனைத்து நனைத்துத் தொங்கிப்போன உதடு, ஒருத்திக்கு முறுக்கி முறுக்கித் தடித்த விரல், ஒருத்திக்கு இராட்டினம் மிதித்துப் பருத்த பாதம். காரணம் கேட்டறிந்த அரசன் அஞ்சி, தன் வீட்டுப் பெண்கள் இராட்டினத்தைத் தொடவும் கூடாதென்று கட்டளையிடுகிறான். முடிவில்லாத உழைப்பில் உழன்ற பெண்கள் இரவிலே நூற்றுக்கொண்டிருந்து சொல்லிச் சிரித்த கதை இது என்று கருத இடமுண்டு. அடுத்த பதிப்பிலே இது நீக்கப்பட்டு, இதனோடு ஒத்த வேறொரு வடிவம் இடம்பெற்றது. அதிலும் கிழவியர் மூவர் உண்டு, முடிவும் அதுவே; ஆனாற் கதைத்தலைவியோ சோம்பேறிப் பெண்ணாகிவிட்டாள்! உழைப்பை வெறுத்தல் முன்னதில் நியாயமான முறைப்பாடு. பின்னதில் ஒருத்தியின் குணக்கேடு.

திருத்தமெல்லாம் பெண்ணைத் தாழ்த்தவே செய்யப்பட்டன என்று சொன்னால் அது நடுவுநிலை ஆகாது. கோபுரத்திற் சிறைப்பட்ட ராப்புன்சேலின் கதையிலே, உடை இறுகுகின்றதே ஏன் என்று அவள் ஒன்றுமறியாது வினவிய வினா அவள் கருவுற்றதைக் காட்டிக்கொடுத்தது. அது நாகரிகமன்றெனப் பிற்பதிப்பில் நீக்கப்பட்டது. அவ்விடத்தில் வேறொரு பேதைப்பேச்சை வைத்து அவளை அறிவிலி ஆக்கினர் என்பது உண்மை. ஆனால் வரும்போதெல்லாம் பட்டுநூல் கொண்டுவா, நான் ஏணி பின்னி இறங்கிவருகிறேன் என்று அவளே தப்பும் உபாயம் வகுப்பதும் அப்பிற்பதிப்பிலேதான் வருகின்றது, முதற்பதிப்பில் இல்லை. ஒரு கையாற் பறித்து மறுகையாற் கொடுத்தார் வில்கெல்ம்.

ரூத் பொட்டிக்கைமர் என்னும் ஆராய்ச்சியாளர் 1987 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இப்பதிப்புக்களில் யார் பேசுகின்றனர் என்பதையே கணக்கிட்டு நோக்கினார். பதிப்புக்குப் பதிப்பு நல்ல பெண்களின் நேர்ப்பேச்சுக் குறைந்து, ஆடவர் பேச்சும் தீய பெண்களின் பேச்சும் பெருகியதை அவர் எடுத்துக்காட்டினார். சிண்டறெல்லா முதற்பதிப்பிற் பேசிய அளவு ஏழாம் பதிப்பிற் பேசவில்லை. சொல்லாடும் பெண் தீயவள், மௌனி நல்லவள் என்னும் போதனையை எவரும் நீதிச் செய்யுளாக எழுதவேண்டியதில்லை. பேச்சை இவ்வாறு பங்கிட்டாற் போதும். பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும்.

சிண்டறெல்லாவின் வரலாறு நீண்டது. நேப்பிள்ஸ் நாட்டு பசீலே என்பவரின் நூல், அவர் இறந்த பின்னர் 1634 ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்தது. அதிலே வரும் செசொல்லா என்னும் பெண், தன் மாற்றாந்தாயின் கழுத்திலே பெட்டியின் மூடியை விழுத்திக் கொன்றவள்! இதனைப் பெண்பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாக நாம் கூறவில்லை. பெறோ காலத்தவரான டோல்னுவா சீமாட்டி எழுதிய கதையோ வேறுவிதமானது. அதன் தலைவி ஃபினெத் இராட்சதனை அடுப்பிலே தள்ளிக் கொல்கிறாள். பாதரட்சை பொருந்தி அரசகுமாரன் மணக்க விரும்பியபோதும் உடனே தலைகுனிந்து இசையவில்லை. என் தந்தையின் நாட்டை உங்கள் குலத்தவர் கவர்ந்தனர், அதனைத் திருப்பித் தந்தாலன்றித் திருமணம் இல்லை என்று பேரம்பேசி, பெற்றுக்கொண்ட பின்னரே மணக்கிறாள். ஒரே காலத்தில், ஒரே நகரத்தில் எழுந்த இவ்விரு கதைகளுள் உலகம் தெரிந்துகொண்டது பெறோவின் பொறுமைசாலியையே. பெறோ தாமும் இக்கதைக்கு இரண்டாவது நீதி ஒன்று சேர்த்தார். அறிவும் துணிவும் இருந்தும் என்ன, கைதூக்கிவிட ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இல்லாவிடில் முன்னேற முடியாது என்பதே அது. சிபார்சுக் கடிதத்தோடு அலையும் இளைஞரும் படித்துச் சிரிக்கத்தக்க நீதி!

நீலத்தாடியன் கதையைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம். மனைவியரைக் கொன்று அறையிற் பூட்டிவைத்த செல்வன் அவன். புதுமனைவி விலக்கிய அறையைத் திறந்து பார்த்துவிடுகிறாள். கொல்லப்படவிருந்த தறுவாயில் அவள் சகோதரர் குதிரையேறி வந்து மீட்கின்றனர். பெறோவின் நீதி பெண்ணின் அறியும் ஆவலைக் கண்டிக்கின்றது. கொலைஞனைப் பற்றி அது அதிகம் பேசவில்லை. இதற்கு இனமான கதை கிறிம் சகோதரரின் நூலில் 46 ஆவதாக உள்ளது. மந்திரவாதி ஒருவன் மூன்று சகோதரிகளை ஒருவர்பின் ஒருவராகக் கவர்ந்துசெல்கிறான். ஒவ்வொருத்தியிடமும் ஒரு முட்டையையும் சாவியையும் கொடுத்து, ஓர் அறையை மட்டும் திறவாதே என்கிறான். மூத்தவர் இருவரும் முட்டையைக் கையோடு கொண்டுபோய்க் குருதியில் விழுத்தி அகப்பட்டு மாண்டனர். இளையவள் முட்டையை முதலிற் பத்திரமாக ஓரிடத்தில் வைத்தாள்; பின்னர் அறையைத் திறந்தாள். துண்டுபட்டுக் கிடந்த தமக்கையரின் அவயவங்களைப் பொருத்தி உயிர்ப்பித்தாள். மந்திரவாதி அவள்மேற் கொண்டிருந்த ஆட்சி அப்பொழுதே ஒழிந்தது. தமக்கையரைக் கூடையில் மறைத்து, மேலே பொன் பரப்பி, அவன் முதுகிலேயே சுமக்கவைத்துப் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பினாள். தானோ தேனிலே தோய்ந்து இறகிலே புரண்டு விசித்திரப் பறவைபோல் வெளியேறினாள். வழியிலே எதிர்ப்பட்ட மணமகனுக்கே அவளை அடையாளந் தெரியவில்லை. ஆவலுடையவளே இங்கே பிழைக்கிறாள். ஆவல் குற்றமன்று, கவனமின்மையே குற்றம் என்கின்றது இக்கதை.

இத்தகைய கதைகள் இருக்கவும் பெண்ணைத் தாழ்த்துங் கதைகள் என்று முழுத்தொகுதியையும் பழிப்பது எங்ஙனம் பொருந்தும் என்று 1970 ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளரான அலிசன் லூரி கேட்டார். நாட்டார் கதைகளில் வலிமையும் துணிவும் வாய்ந்த பெண்கள் நிறைந்துள்ளனர் என்பது அவர் கட்சி. இரண்டாண்டு கழித்து மார்சியா லீபர்மன் அதனை மறுத்தார். எவரும் வாசியாத கதைகளில் வீராங்கனைகள் இருந்து பயனென்ன, கோடிக்கணக்கான பிள்ளைகள் அறிந்தவை துயிலும் அழகியும் வெண்பனியாளும் சிண்டறெல்லாவுமே, அவையே அவர்களை உருவாக்குகின்றன என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் கற்பிப்போர்க்கு லீபர்மனின் வாதமே கூடுதலாக உறைக்க வேண்டும். இருநூறு கதைகளுள் எவை பாடநூலுக்கும் படப்புத்தகத்துக்கும் வருகின்றன என்பதைத் தீர்மானிப்போர் பெரியோரே, பிள்ளைகள் அல்லர்.

தெரிவில் முன்னின்றது திரைப்படம். வோல்ற் டிஸ்னியின் நிறுவனம் வெண்பனியாளை 1937 ஆம் ஆண்டிலும், சிண்டறெல்லாவை 1950 ஆம் ஆண்டிலும், துயிலும் அழகியை 1959 ஆம் ஆண்டிலும் திரைக்குக் கொண்டுவந்தது. அன்டர்சன் 1837 ஆம் ஆண்டில் எழுதிய கடற்கன்னியின் கதை 1989 ஆம் ஆண்டில் வந்தது. தன் குரலையே விலையாகக் கொடுத்துக் கால் பெற்ற பெண்ணின் கதை அது. மொழியியலாளரான கார்மென் ஃபோட், கறன் ஐசன்கவர் ஆகிய இருவர் இப்படங்களிற் பேசப்படுஞ் சொற்களை எண்ணிப் பார்த்து 2016 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வெண்பனியாளிற் பேச்சிற் பாதியளவும், துயிலும் அழகியில் நூற்றுக்கு 71 பங்கும் பெண்களுடையன. காலம் முன்னேற முன்னேற இது கூடியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 1989 ஆம் ஆண்டுக் கடற்கன்னியில் நூற்றுக்கு 68 பங்கு ஆடவர் பேச்சு! தலைவி புதுமைப்பெண்ணாகச் சித்திரிக்கப்பட்டாள். ஆனால் அவளைச் சூழ்ந்திருந்த தோழரும் காவலரும் கடைக்காரரும் ஆடவராகவே இருந்தனர். பொட்டிக்கைமர் ஏட்டிற் கண்டதை இவர்கள் திரையிற் கண்டனர்.

நமக்கு அணித்தான தென்னிந்தியாவிலிருந்தும் ஓர் ஒப்பீடு உண்டு. மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த ஏ. கே. இராமானுஜன் கன்னட நாட்டுக் கதைகளைத் திரட்டி ஆராய்ந்தவர். ஆடவரை மையமாகக் கொண்ட கதை திருமணத்தோடு முடிகின்றது, பெண்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் கதையோ பெரும்பாலும் திருமணத்தின் பின்னரே தொடங்குகின்றது என அவர் காட்டினார். பூமரமாக மாறவல்ல பெண்ணின் கதை இதற்கு உதாரணம். அவள் அரசகுமாரனை மணந்ததோடு துன்பம் நீங்கவில்லை; நாத்தி அவளை வற்புறுத்தி மரமாக்கி, கிளைகளை முறித்துவிடுகிறாள். பாதி உடலும் பாதி மரமுமாய், கையுங் காலும் இன்றி அவள் கிடக்கிறாள். இறுதியிற் கணவன் ஒவ்வொரு கிளையாய்ப் பொருத்தி நீர் வார்த்த பின்னரே மனித உருப் பெறுகிறாள். மணமேடையோடு கதை முடிவதில்லை என்பதைச் சொன்னவர் மணமேடைக்கு அப்பால் வாழ்ந்து பார்த்தவரே.

இனி, தேவதைக் கதைகள் யாவற்றினும் பெண்பிள்ளைகள் நன்கறிந்த முத்தத்தைப் பற்றி ஒரு சொல். துயிலும் அழகியைக் கிறிம் சகோதரரின் நூலில் அரசகுமாரன் முத்தமிட்டு எழுப்புகிறான். பெறோவின் நூலிலோ நூறாண்டு நிறைந்தமையால் அவள் தானே விழிக்கிறாள். வெண்பனியாளை எழுப்பியது கிறிம் சகோதரரின் நூலில் முத்தம் அன்று. கண்ணாடிப் பேழையைச் சுமந்தோர் கால் இடறியபோது தொண்டையிற் சிக்கிய அப்பிள் துண்டு வெளியே தெறித்தது, அவ்வளவே. முத்தம் 1937 ஆம் ஆண்டுப் படத்தின் வேலை. தவளை அரசன் கதை கிறிம் சகோதரரின் நூலில் முதலாவதாக நிற்பது. அரசகுமாரி தவளையை முத்தமிட்டாள், அது அரசகுமாரன் ஆயிற்று என்றே பலரும் சொல்வர். நூலில் உள்ளது வேறு. தவளைக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்று என்று தந்தை கட்டளையிடுகிறான். அருவருப்போடு அதனை இரு விரலால் தூக்கி அறைக்குக் கொண்டுசெல்கிறாள் மகள். உன் படுக்கையில் என்னை வை, இல்லையேல் உன் தந்தையிடஞ் சொல்வேன் என்று அது மிரட்டுகின்றது. அப்பொழுது அரசகுமாரி சினந்து, அதனைத் தூக்கித் தன் வலிமையெல்லாங் கொண்டு சுவரிலே மோதி அடிக்கிறாள். அவ்வாறு அடித்தபோதுதான் சாபம் நீங்கியது.